கவனக்குறைவு பெனால்ட்டிக்கு என்எஃப்எல் கோச் என்ன தண்டனை கொடுக்க முடியும்?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் வீரர்கள் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள். ஆனாலும் பந்து நகரும் முன்பே துள்ளி 5 யார்டைத் தொலைக்கிறார்கள், விசில் ஊதிய பிறகு யாரையாவது தள்ளிவிட்டு 15 யார்டைத் தாரை வார்க்கிறார்கள். அணி ஏன் அவர்கள் சம்பளத்தில் கைவைப்பதில்லை? இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்தால் புத்தி வராதா?

சம்பளத்தில் கைவைக்க அணிக்கு அநேகமாக அதிகாரம் இல்லை. உட்கார வைக்கலாம், ஆனால் அதற்கும் எழுத்தில் வரம்பு இருக்கிறது. அதிகாரம் முழுமையாக இருந்தாலும்கூட, கவனக்குறைவு என்று நாம் திட்டும் பெனால்ட்டிகளில் பாதிக்குத் தண்டனையால் பலன் கிடையாது.

அமெரிக்கக் கால்பந்துக்குப் பழகாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே பெனால்ட்டி என்பது கோல்கீப்பரை எதிரில் நிறுத்தி அடிக்கும் உதை கிடையாது. விதியை மீறினால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார், தவறு செய்த அணி பெரும்பாலும் 5, 10 அல்லது 15 யார்டு இழக்கும். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு கடந்தாக வேண்டிய ஆட்டத்தில் 5 யார்டு என்பது பாதித் தூரம்.

முதலில் பணம். அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் 2020-ல் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் 42-வது பிரிவு, அணி தன் வீரர்மீது எடுக்கக்கூடிய ஒழுங்கு நடவடிக்கையைப் பற்றியது. எந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு அபராதம் என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. எடை கூடியிருப்பது, கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ தாமதமாக வருவது, சிகிச்சைக்கு வராமல் இருப்பது, பிளேபுக்கை (அணியின் ஆட்டத் திட்டப் புத்தகத்தை) தொலைப்பது, பந்தை ரசிகர் கூட்டத்துக்குள் எறிவது, ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவது, இப்படிப் போகும். ஃபால்ஸ் ஸ்டார்ட் (பந்து நகரும் முன்பே தாக்கும் அணி வீரர் அசைவது), ஆஃப்சைட் (பந்து நகரும்போது கோட்டைத் தாண்டி நிற்பது), ஹோல்டிங் (எதிராளியைக் கையால் பிடித்து நிறுத்துவது) எதுவும் அதில் கிடையாது. அணி தன் அபராதப் பட்டியலைப் பருவத்துக்கு முந்தைய முகாம் தொடங்கும்போதே வெளியிட வேண்டும், ஒரே குற்றத்துக்கு எல்லா வீரருக்கும் ஒரே அளவில்தான் விதிக்க வேண்டும். நட்சத்திர வீரருக்கு ஒரு கணக்கு, புதுப் பையனுக்கு ஒரு கணக்கு என்று போட முடியாது. 'ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கு ஆயிரம் டாலர்' என்று ஓர் அணி சொந்தமாக விதி எழுதினால், ஆட்டத்தில் செய்த பிழைக்கே அபராதமா என்று சங்கம் மறுநாளே முறையீடு செய்யும்.

'அணிக்குக் கேடு விளைவிக்கும் நடத்தை' என்றொரு பெரிய ஆயுதம் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கு ஒரு வாரச் சம்பளம் வரை அபராதம், அல்லது சம்பளமில்லாமல் நான்கு வாரம் வரை சஸ்பென்ஷன், அல்லது இரண்டும். இதன் கதை 2005-ல் தொடங்குகிறது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அந்த ஆண்டு டெரெல் ஓவன்ஸை நான்கு ஆட்டம் சஸ்பெண்ட் செய்தது. அது முடிந்த பிறகும் சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டே பருவம் முழுக்க ஆடவிடாமல் வைத்தது. அணி செய்தது சரிதான் என்று தகராறு தீர்ப்பாளர் ரிச்சர்ட் பிளாக் அந்த நவம்பரில் தீர்ப்பளித்தார். சங்கம் விடவில்லை. அந்தத் தீர்ப்பு இனிச் செல்லாது என்று பெயர் குறிப்பிட்டே பின்னர் ஒப்பந்தத்தில் எழுத வைத்துவிட்டது. நடத்தைக்காக ஒருவரை ஆட்டப் பட்டியலிலிருந்து நீக்கினால், சம்பளம் கொடுத்தாலும் அது தண்டனைக் கணக்கில்தான் சேரும், நான்கு வார வரம்பும் பொருந்தும்.

அந்த வாக்கியத்திலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: ஆட்டத்திறன் காரணமாக நீக்கினால் இந்த வரம்பு கிடையாது. பெனால்ட்டி விஷயத்தில் கோச்சுகள் நிற்பது இந்த இடத்தில்தான். 'இவர் ஒழுங்கீனமானவர், அதனால் வெளியே வைத்தேன்' என்றால் அது தண்டனை. 'இவரைவிட அவர் நன்றாக ஆடுகிறார்' என்றால் யாரும் எதுவும் கேட்க முடியாது. செய்தியாளர் கூட்டத்தில் கோச்சுகள் தண்டனை என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் சுற்றி வளைத்துப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லீக் தனியாக அபராதம் போடுகிறதே என்பீர்கள். போடுகிறது. ஆனால் வீரர்களின் பாதுகாப்பு, கண்ணியம், சீருடை போன்றவற்றுக்கு மட்டும்தான்: தலையால் இடிப்பது, முகக் கம்பியைப் பிடித்து இழுப்பது, கேலி செய்வது. ஃபால்ஸ் ஸ்டார்ட் செய்ததற்காக லீக் அலுவலகம் யாருக்கும் கடிதம் அனுப்பாது. லீக் தண்டித்துவிட்டால் அதே செயலுக்கு அணி மறுபடி தண்டிக்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. 2025 செப்டம்பர் 4 அன்று பருவத்தின் முதல் ஆட்டத்தில், தொடக்க உதை முடிந்த கையோடு ஈகிள்ஸின் ஜேலன் கார்ட்டர் எதிரணியின் டாக் ப்ரெஸ்காட் மீது எச்சில் துப்பி வெளியேற்றப்பட்டார். லீக் அவருக்கு விதித்த 57,222 டாலர் அபராதம் அவருடைய ஓர் ஆட்டச் சம்பளம். அதற்கு மேல் பணமாகப் பிடுங்க ஈகிள்ஸுக்கு இடமில்லை.

ஆக, கவனக்குறைவு பெனால்ட்டிக்குக் கோச் கையில் மிஞ்சுவது மூன்றுதான்: ஆடும் நேரம், பயிற்சி மைதானம், அடுத்த ஒப்பந்தம். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு முன்னால், எதைக் கவனக்குறைவு என்கிறோம் என்று பார்த்தாக வேண்டும்.

மொத்த எண்ணிக்கையை வைத்து ஓர் அணியின் ஒழுக்கத்தை அளக்க முடியாது. 2013-ல் லீக்கிலேயே அதிகப் பெனால்ட்டி வாங்கிய அணி சியாட்டில் சீஹாக்ஸ். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலை, அதாவது லீக்கின் இறுதிப் போட்டியை, 43-8 என்று வென்றதும் அவர்களே. எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைத் தொட்டு உரசி ஆடும் தற்காப்பு அவர்களுடையது. பத்து முறை உரசினால் ஒரு முறை கொடி விழும், மீதி ஒன்பது முறை எதிரணியின் திட்டம் குலையும் என்பது கணக்கு. அந்தக் கொடிக்குத் தண்டித்தால் அந்த ஆட்டமே போய்விடும். இதற்கு மறுமுனையில் 2011 ஓக்லண்ட் ரெய்டர்ஸ்: 163 பெனால்ட்டி, 1,358 யார்டு. லீக் சாதனை படைத்து, 8-8 (8 வெற்றி, 8 தோல்வி) என்று பருவத்தை முடித்து, பிளே-ஆஃபுக்கு, அதாவது பருவத்துக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றுக்கு, போகவில்லை.

அதனால் கோச்சுகள் பெனால்ட்டியை மூன்று கூடையில் போடுவார்கள். பந்து நகரும் முன் நடப்பவை ஒன்று: ஃபால்ஸ் ஸ்டார்ட், ஆஃப்சைட், தவறான அணிவகுப்பு, நேரம் கடத்தல், எல்லாம் 5 யார்டு. ஆட்டம் ஓடும்போது நடப்பவை இன்னொன்று: ஹோல்டிங், பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்தைப் பிடிக்கப் போகிறவரை இடித்துத் தடுப்பது). விசிலுக்குப் பிறகு நடப்பவை மூன்றாவது: தாமதமாக இடிப்பது, தள்ளுவது, கேலி, எல்லாம் 15 யார்டு. நடுக்கூடை பெரும்பாலும் உத்திப் பிழை. கால் தாமதமானதால் கை வெளியே போய் எதிராளியின் சட்டையைப் பிடிக்கிறது. தண்டித்தால் கை உள்ளே வராது, காலைச் சரிசெய்தால் வரும். முதல் கூடையும் மூன்றாவதும்தான் 'கவனக்குறைவு'. இரண்டும் ஒரே நோய் இல்லை என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

முதல் கூடையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ரசிகர்கள் அதிகம் கொதிப்பது அதற்குத்தான். பெரிய சம்பளம் வாங்கும் டாக்கிள் (தாக்குதல் வரிசையின் ஓரத்தில் நின்று தடுப்பவர்) ஏன் முன்கூட்டியே அசைகிறார்? எதிரணி மைதானத்தில் இரைச்சல் அப்படி. கான்சஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில் 2014-ல் 142.2 டெசிபெல் பதிவாகி கின்னஸில் ஏறியது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கத்துவது இரண்டடி தள்ளி நிற்பவருக்கும் கேட்காது. அதனால் சத்தமில்லாத எண்ணிக்கை: சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு திரும்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார், தயார் என்றதும் பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரைத் தட்டுவார், சென்டர் தலையை நிமிர்த்தி, மனத்துக்குள் எண்ணிப் பந்தை எடுப்பார். ஓரத்தில் நிற்கும் டாக்கிள் பந்தைக் கண்ணால் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். எதிரே நிற்கும், குவார்ட்டர்பேக்கை வீழ்த்தப் பாயும் பாஸ் ரஷரும் அதே பந்தைத்தான் பார்க்கிறார், அவர் இவரைவிட வேகமானவர். வீட்டு மைதானத்தில் எண்ணிக்கை தெரிந்த டாக்கிளுக்கு இருக்கும் சாதகம் இங்கே பறிபோகிறது. அதை மீட்க அவர் ஊகிக்கிறார். ஊகம் பிசகினால் கொடி.

ஜவான் டெய்லர் இதற்குச் சரியான உதாரணம். 2023 மார்ச்சில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை நான்கு ஆண்டுக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தது. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவர் கோட்டுக்கு மிகவும் பின்னால் நிற்கிறார், பந்துக்கு முன் கிளம்புகிறார் என்று தொலைக்காட்சி முழுக்கப் பேச்சு. லைன்மேனின் ஹெல்மெட், சென்டரின் இடுப்புக்கு நேரான கோட்டைத் தொட்டாக வேண்டும் என்பது விதி. பின்னால் தள்ளி நின்றால் ரஷர் சுற்றிவர நேரமாகும், அதுதான் லாபம். அடுத்த வாரம் ஜாக்சன்வில்லில் ஐந்து பெனால்ட்டி வாங்கினார். கோச் ஆண்டி ரீட் அவரைச் சிறிது நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே அனுப்பினார். அந்த ஆண்டு லீக்கிலேயே அதிகப் பெனால்ட்டி வாங்கிய வீரர் டெய்லர்தான். ஆனாலும் பருவம் முழுக்கத் தொடக்க வீரராகவே ஆடினார், அணி சூப்பர் பௌலை வென்றது.

ரீட் செய்தது பலவீனம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் கணக்கு சரி என்பேன். 53 பேர் கொண்ட அணியில் உண்மையாக டாக்கிள் ஆடக்கூடிய மாற்று வீரர் ஒருவர் இருந்தால் பெரிது. ஓர் ஆட்டத்தில் இரண்டு ஃபால்ஸ் ஸ்டார்ட்டின் விலை 10 யார்டு. மாற்று வீரரைத் தாண்டி ஒரு ரஷர் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் முதுகில் விழுந்தால் அதன் விலை ஒரு பருவம். அதனால் உட்கார வைப்பதைச் சிறியதாகவும் உடனடியாகவும் செய்ய வேண்டும்: அடுத்த ஒரு டிரைவ் (அணி தொடர்ந்து பந்தை வைத்து ஆடும் ஒரு முறை), அதிகம் போனால் ஒரு கால் பகுதி. 'அடுத்த வாரம் ஆடமாட்டாய்' என்பதில் பிழைக்கும் தண்டனைக்கும் ஆறு நாள் இடைவெளி. அதற்குள் கோபம்தான் வளரும்.

அணிவகுப்பு ஆஃப்சைட் இதைவிட மன்னிக்க முடியாதது, இரைச்சலைக்கூடக் காரணம் சொல்ல முடியாது. 2019 ஜனவரி 20 அன்று ஏஎஃப்சி இறுதியில் (சூப்பர் பௌலுக்கு முந்தைய சுற்று) ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சமிருக்க, சீஃப்ஸ் 28-24 என்று முன்னிலை. பேட்ரியாட்ஸின் டாம் பிரேடி எறிந்த பந்தைச் சீஃப்ஸின் சார்வேரியஸ் வார்டு பிடித்துவிட்டார், ஆட்டம் முடிந்தது மாதிரிதான். ஆனால் சீஃப்ஸின் டீ ஃபோர்டு இரு அணிகளுக்கும் இடையே பந்தின் நீளமே அகலமான நடுப்பகுதிக்குள் நின்றிருந்தார். கொடி விழுந்தது, பேட்ரியாட்ஸ் கூடுதல் நேரத்தில் 37-31 என்று வென்றது. அதே சீஃப்ஸ் அணியில் 2023 டிசம்பர் 10 அன்று ரிசீவர் கடாரியஸ் டோனி கோட்டுக்கு வெளியே நின்றதால், டிராவிஸ் கெல்ஸி பின்னால் எறிந்து கொடுத்த பந்தோடு டோனி ஓடி எடுத்த டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) ரத்தானது. பஃபலோ பில்ஸ் 20-17 என்று வென்றது.

இதற்கு மருந்து ஒரு நொடி வேலை. ரிசீவர் கோட்டுக்கு வந்ததும் பக்கவாட்டில் நிற்கும் நடுவரைப் பார்த்துக் கையைக் காட்டி, நான் சரியாக நிற்கிறேனா என்று கேட்க வேண்டும். பின்னால் போ என்று அவர் சைகை காட்டுவார். அப்படிச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை, ஆனால் வழக்கம். டோனி அன்று பார்க்கவில்லை. பயிற்சியில் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யாதவர் ஆட்டத்தில் செய்யமாட்டார். ஆகவே பயிற்சியில் பார்க்காமல் நின்றால் அந்தப் பிளேயிலிருந்து வெளியே எடுத்து அடுத்தவரை அனுப்ப வேண்டும், கத்தத் தேவையே இல்லை.

பயிற்சி மைதானத்தின் பிரபலமான தண்டனை ஓட்டம். பில் பெலிச்சிக்கின் பேட்ரியாட்ஸில் பந்துக்கு முன் அசைந்தவர் அந்த இடத்திலேயே பயிற்சியை விட்டுச் சுற்றி ஓடிவிட்டு வர வேண்டும். அவரிடம் பணிபுரிந்த ஜோ ஜட்ஜ் 2020-ல் நியூயார்க் ஜயன்ட்ஸின் தலைமைக் கோச்சானபோது அதையே கொண்டுவந்தார், தவறு செய்த துணைக் கோச்சுகளையும் ஓடவிட்டார். ஜயன்ட்ஸ் அந்த ஆண்டு 6-10, அடுத்த ஆண்டு 4-13. பிறகு அவர் வேலை போனது. ஓட்டம் கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. ஓடும் நேரத்தில் அந்த வீரர் பயிற்சியில் தன் முறையை இழக்கிறார், அவர் இடத்தில் இன்னொருவர் ஆடுகிறார். உறைப்பது அதுதான், மூச்சு வாங்குவது அல்ல. பயிற்சி முடிந்த பிறகு மொத்தமாக ஓடவிட்டால் அது வெறும் உடற்பயிற்சி. கூடுதல் பயிற்சி வைத்துப் பிழியவும் முடியாது: பருவத்தில் முழுக் கவசத்தோடு 14 பயிற்சிதான், அதிலும் முதல் 11 வாரங்களுக்குள் 11 என்று ஒப்பந்தம் எண்ணி வைத்திருக்கிறது.

தண்டனையைவிட இரண்டு ஏற்பாடுகள் அதிகம் உதவும். ஒன்று, பயிற்சிக்கே நடுவர்களை வரவழைத்துக் கொடி வீச வைப்பது. கோச் கத்தினால் 'அவர் அப்படித்தான்' என்று போய்விடும், வரிச்சட்டை போட்ட நடுவர் கொடி வீசினால் வாதம் கிடையாது. இன்னொன்று, உடலே தவறு செய்ய முடியாதபடி பயிற்சியை மாற்றுவது. வெளியூர் ஆட்டத்துக்கு முந்தைய நாள்களில் ஸ்பீக்கர் வைத்து இரைச்சல் எழுப்பி முழுத் தாக்குதல் வரிசையையும் சத்தமில்லாத எண்ணிக்கையில் ஓட்டுவார்கள். சட்டையைப் பிடிக்கும் பழக்கத்துக்கு 2024 முகாமில் டெட்ராய்ட் லயன்ஸ் தன் பின்வரிசைத் தற்காப்பு வீரர்களுக்குக் குத்துச்சண்டைக் கையுறையை மாட்டிவிட்டது. விரலே இல்லாதபோது எதைப் பிடிப்பது?

மூன்றாவது கூடைக்கு வருவோம். விசிலுக்குப் பிந்தைய 15 யார்டு எவ்வளவு பெரியது என்பதை ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) தூரம் காட்டும். பந்து இருக்கும் யார்டு எண்ணோடு, கோல் கோட்டுக்குப் பின்னாலுள்ள 10 யார்டு எண்ட் ஸோன், பிடித்து வைப்பவர் நிற்கும் 7 அல்லது 8 யார்டு, இரண்டையும் கூட்டினால் உதையின் தூரம். 2023 ஜனவரி 29, ஏஎஃப்சி இறுதி. பெங்கால்ஸும் சீஃப்ஸும் 20-20. மஹோம்ஸ் 42-வது யார்டு அருகே கோட்டைத் தாண்டி வெளியே போனார். அங்கிருந்து உதைத்தால் 60 யார்டு, அபூர்வமாகத்தான் போகும். பெங்கால்ஸின் ஜோசப் ஒசாய் வெளியே போனவரைத் தள்ளினார். 15 யார்டு குறைந்து 45 யார்டு உதையானது. சீஃப்ஸின் ஹாரிசன் பட்கர் அடித்தார், 23-20.

ஒசாயை என்ன செய்வது? ஒன்றும் செய்யக் கூடாது. பெங்கால்ஸும் செய்யவில்லை. துரத்திக்கொண்டு முழு வேகத்தில் வந்தவர் அரை நொடி தாமதமாக நின்றார், தன் முழங்காலும் அடிபட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அவரைத் தண்டித்தால் அடுத்த முறை எட்டு பேர் துரத்துவதை மெதுவாக்குவார்கள். கோட்டருகே எப்படிக் கைகளை விலக்கி வேகத்தை அடக்குவது என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

கோபத்தில் செய்வது வேறு. அதற்கு அந்த இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும், தண்டிக்க மட்டும் இல்லை, அடுத்த கொடியைத் தடுக்கவும்தான். 2015 டிசம்பர் 20 அன்று ஓடெல் பெக்கம் ஜூனியர், கரோலைனாவின் ஜாஷ் நார்மனோடு மோதி ஒரே ஆட்டத்தில் மூன்று முறை 15 யார்டு வாங்கினார். ஜயன்ட்ஸ் கோச் டாம் காஃப்லின், கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வராதவர்களுக்கே அபராதம் போட்டவர், அன்று அவரை வெளியே எடுக்கவில்லை. பெக்கம் கடைசிப் பகுதியில் ஆட்டத்தை 35-35 என்று சமன்செய்த டச்டவுனைப் பிடித்தார், அணி 38-35 என்று தோற்றது. லீக் அவரை ஓர் ஆட்டம் சஸ்பெண்ட் செய்தது. கோச்சுகள் இதைத் தாங்களாகச் செய்யமாட்டார்கள் என்று புரிந்தோ என்னவோ, 2016-ல் லீக் விதியையே மாற்றியது: குறிப்பிட்ட கண்ணியக் குறைவுக் குற்றங்கள் இரண்டு சேர்ந்தால் தானாகவே வெளியேற்றம்.

கோச் எல்லை மீறினால் தண்டனை அவர் தலையில் விழும் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 5 அன்று அரிசோனாவின் எமாரி டெமர்காடோ 72 யார்டு ஓடிவிட்டுக் கோல் கோட்டைத் தொடும் முன்பே பந்தை அலட்சியமாகக் கைவிட்டார். பெனால்ட்டி இல்லை, ஆனால் கவனக்குறைவில் அதற்கு அண்ணன். டச்டவுன் போனது, டென்னஸி 22-21 என்று வென்றது. எல்லைக்கோட்டில் அவரை நோக்கிக் கத்திக் கையை ஓங்கிய கோச் ஜானதன் கேனனுக்கு, அணியே 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

மிச்சமிருப்பது ஒப்பந்தம். வீரர்கள் உண்மையில் கவனிப்பது இதைத்தான், கோச் பேசுவதை அல்ல. பெங்கால்ஸின் வான்டேஸ் பர்ஃபிக்ட் 2016 ஜனவரி 9 அன்று பிளே-ஆஃபில், 16-15 என்று முன்னிலையில் இருந்தபோது பிட்ஸ்பர்க்கின் அன்டோனியோ பிரவுனின் தலையில் இடித்தார், 15 யார்டு. அந்த அமளியில் ஆடம் ஜோன்ஸ் இன்னொரு 15 வாங்கினார். பிட்ஸ்பர்க் 47-வது யார்டிலிருந்து 17-க்கு நடந்தே வந்து, 35 யார்டு உதையில் 18-16 என்று வென்றது. லீக் பர்ஃபிக்டை மூன்று ஆட்டம் சஸ்பெண்ட் செய்தது. 2017-ல் இன்னொரு இடிக்கு மீண்டும் மூன்று. அந்தச் செப்டம்பரிலேயே பெங்கால்ஸ் அவருக்கு மூன்றாண்டு ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்தது. லாக்கர் அறையில் இருந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள். 2019-ல் அவரை விடுவித்தார்கள், ரெய்டர்ஸ் எடுத்தது. செப்டம்பர் 29 அன்று ஜாக் டாயிலை ஹெல்மெட்டால் இடித்ததற்குப் பருவத்தின் மீதி 12 ஆட்டங்களுக்கும் சஸ்பெண்ட் ஆனார். அதன் பிறகு அவர் என்எஃப்எல்லில் ஆடவே இல்லை.